ஒரு மார்க் கேள்வி: வைரஸைக் கண்டுபிடித்தவர் யார்?

போன மாதம் மகளின் உயிரியல் விடைத்தாள் வீட்டுக்கு வந்தது. பதினொன்றாம் வகுப்பு. அதில் ஒரு மார்க் கேள்வி: "வைரஸைக் கண்டுபிடித்தவர் யார்?" அவள் "பெய்ஜெரிங்க்" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் "இவானோவ்ஸ்கி" என்று திருத்தியிருந்தார்கள். ஒரு மார்க் போனதில் அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. "நீதானப்பா பெய்ஜெரிங்க்னு சொன்ன" என்று என்னைப் பார்த்தாள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிரச்சினையாகிவிட்டது.

நான் சொன்னது உண்மைதான். எப்போதோ எங்கேயோ படித்தது. ஆனால் "ஏன் அவர்?" என்று அவள் திருப்பிக் கேட்டபோது இரண்டு வாக்கியத்துக்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வெட்கத்தில்தான் மூலக் கட்டுரைகளையே படித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நல்லவேளையாக, புகையிலைத் தேமல் நோய் பற்றிய ஆரம்பகாலக் கட்டுரைகள் நான்கை ஜேம்ஸ் ஜான்சன் என்பவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1942-ல் ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்திருக்கிறார். மேயர், இவானோவ்ஸ்கி, பெய்ஜெரிங்க், பௌர் ஆகிய நால்வரின் கட்டுரைகள். நான் பி.ஈ. படித்த சாஃப்ட்வேர் ஆள். பயாலஜியை பத்தாவதோடு விட்டவன். எனக்கே புரிகிறது என்றால் யாருக்கும் புரியும்.

படித்து முடித்தபோது தோன்றியது இதுதான்: விடைத்தாளில் எழுதிய பதில் தப்பா, திருத்திய பதில் தப்பா என்பது இரண்டாவது விஷயம். அந்தக் கேள்வியே தப்பு. எப்படி என்று சொல்கிறேன்.

வாகனிங்கன்: பேர் வைத்தவர்

கதை நெதர்லாந்தில் தொடங்குகிறது. 1879-ல் வாகனிங்கன் ஊரில் இருந்த விவசாய ஆய்வு நிலையத்தின் இயக்குநர் அடோல்ஃப் மேயர், ஜெர்மானியர். புகையிலை விவசாயிகள் அவரிடம் ஒரு நோயைக் கொண்டுவருகிறார்கள். இலையில் வெளிர் பச்சையும் கரும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக வருகிறது. இலை சுருங்கி, வளர்ச்சி நின்றுபோகிறது. நம்மூரில் உளுந்துக்கு மஞ்சள் தேமல் வந்தால் வயல் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேயர் 1886-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு மொசைக் நோய் என்று பெயர் வைத்தார்.

மேயர் செய்த வேலை சாதாரணமானதில்லை. மண்ணைச் சோதித்தார், உரத்தைச் சோதித்தார். எதிலும் பிடி கிடைக்கவில்லை. பிறகு நோய் வந்த இலையை அரைத்து, அந்தச் சாற்றை மெல்லிய கண்ணாடிக் குழாயில் எடுத்து, நல்ல செடியின் இலை நரம்பில் செலுத்தினார். பத்துக்கு ஒன்பது முறை நோய் தொற்றியது. அதாவது இது சத்துக் குறைபாடு இல்லை, தொற்றுநோய். சாற்றை நன்றாகக் கொதிக்க வைத்தால் தொற்றவில்லை.

இதுவரை எல்லாம் சரி. அடுத்து அவர் சாற்றை வடிதாளில் வடிகட்டினார். தாளை இரண்டாக மடித்துத் தெளிவாக வடித்தபோது தொற்றும் தன்மை போய்விட்டதாக எழுதினார். எனவே காரணம் ஏதோ ஒரு பாக்டீரியா, இன்னும் பிரித்தெடுக்கவில்லை, அவ்வளவுதான் என்று முடித்துவிட்டார். அது ராபர்ட் காக்கின் காலம். காசநோய்க்குக் கிருமி கிடைத்துவிட்டது, காலராவுக்குக் கிடைத்துவிட்டது. தொற்றுநோய் என்றாலே பாக்டீரியா, தேடினால் கிடைக்கும் என்பதுதான் அன்றைய ஊகம். மேயரின் தப்பும் அந்த ஊகத்துக்குள் வசதியாகப் பொருந்திவிட்டது.

பீட்டர்ஸ்பர்க்: பார்த்தவர்

அடுத்தவர் டிமிட்ரி இவானோவ்ஸ்கி. 1864-ல் பிறந்தவர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மாணவராக இருந்தபோதே புகையிலை நோய்களை ஆராய உக்ரைன், பெஸ்ஸராபியா பகுதிகளுக்கு அனுப்பப்பட்டவர். பிறகு 1890-ல் கிரீமியாவில் தேமல் நோயைப் பார்த்தார். 1892 பிப்ரவரியில் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் அகாடமியில் தன் முடிவுகளைச் சமர்ப்பித்தார்.

கட்டுரை சின்னது. அதில் அவர் முதலில் சொல்வது, மேயரின் வடிதாள் முடிவு தப்பு என்பது. இரட்டைத் தாளில் வடித்தாலும் சாறு தொற்றத்தான் செய்கிறது. அடுத்து, சாம்பர்லாந்து வடிகட்டியில் வடித்தாலும் தொற்றுகிறது என்கிறார்.

இந்த வடிகட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பாஸ்டரின் ஆய்வகத்தில் சார்லஸ் சாம்பர்லாந்து 1884-ல் செய்தது. மெருகு பூசாத பீங்கானில் செய்த ஒரு குழாய், பார்க்க மெழுகுவர்த்தி மாதிரி இருக்கும். பல வீடுகளில் முன்பு இருந்த கேண்டில் வாட்டர் ஃபில்டர் இதன் வாரிசுதான். இதன் நுண்துளைகளில் பாக்டீரியா போக முடியாது. இதில் வடித்தால் அந்த நீரில் கிருமி இல்லை என்று அர்த்தம்.

அப்படியானால் வடித்த சாறு எப்படித் தொற்றும்? இவானோவ்ஸ்கி இரண்டு விளக்கங்கள் தருகிறார். ஒன்று, பாக்டீரியா சுரந்த நச்சு சாற்றில் கரைந்து வந்திருக்கலாம். இரண்டு, பாக்டீரியாவே எப்படியோ துளைகளுக்குள் புகுந்து வந்திருக்கலாம். இரண்டாவதைச் சொல்லும்போதே, ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் வடிகட்டியில் கீறல், ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டதாகவும் சொல்கிறார். நேர்மையான மனிதர்.

இங்கே பல வீடியோக்களும் கட்டுரைகளும் செய்வது என்னவென்றால், "வைரஸைக் கண்டுபிடித்தார்" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவது. சில நோட்ஸ்களில் "வைரஸ் என்று பெயரிட்டார்" என்றுகூட இருக்கிறது. அந்தச் சொல் லத்தீனில் நஞ்சைக் குறிக்கும் பழைய சொல். 1798-ல் ஜென்னர் பசு அம்மை பற்றி எழுதும்போது அதைப் பயன்படுத்தியிருக்கிறார். பாஸ்டரும் வெறிநாய்க்கடி ஆராய்ச்சியில் பயன்படுத்தினார். யாரும் 1892-ல் அதைப் புதிதாக உருவாக்கவில்லை.

அதற்கு எதிர்த்தரப்பு ஒன்றும் இருக்கிறது. "பாவம் இவானோவ்ஸ்கி, கையில் வைரஸை வைத்துக்கொண்டே பாக்டீரியா பாக்டீரியா என்று தேடினார்" என்று கிண்டல் செய்பவர்கள். இதுவும் நியாயமில்லை. 1888-ல்தான் ரூவும் யெர்சினும் டிப்தீரியா கிருமியின் நச்சு இதே பீங்கான் வடிகட்டியைக் கடந்து வருவதைக் காட்டியிருந்தார்கள். கிருமி மேலே தங்கிவிடும், நச்சு கீழே வரும், அந்த நச்சு மட்டுமே விலங்கைக் கொல்லப் போதும். 1892-ல் வடித்த சாறு நோய் தருகிறது என்றால், நாலு வருஷத்துக்கு முந்தைய இந்தச் சாதனையைத்தான் யாரும் முதலில் நினைப்பார்கள். இவானோவ்ஸ்கியின் ஊகம் முட்டாள்தனமில்லை. அன்றைய மிக நவீனமான ஊகம்.

அவர் செய்யாமல் விட்டது வேறு. நச்சா இல்லையா என்று தீர்மானிக்க ஒரு எளிய வழி இருந்தது. அதைச் செய்யவில்லை. அந்தக் கட்டுரைக்குப் பின் அவர் கவனம் நொதித்தல் ஆராய்ச்சிப் பக்கம் போய்விட்டது.

டெல்ஃப்ட்: விடாமல் கேட்டவர்

அந்த எளிய வழியைச் செய்தவர் மார்ட்டினஸ் பெய்ஜெரிங்க். டச்சுக்காரர்கள் வாயில் அது "பையரிங்க்" மாதிரி வரும்; நம் பாடப்புத்தகப் பழக்கத்திலேயே எழுதுகிறேன். இவர் வாகனிங்கனில் மேயரோடு வேலை பார்த்தவர். அந்த நோய்க்கான பாக்டீரியாவைத் தேடிப் பார்த்துத் தோற்றவர். பிறகு டெல்ஃப்ட் நகரில் ஒரு ஈஸ்ட் தொழிற்சாலையில் பத்து வருஷம் நுண்ணுயிரியல் வேலை. 1895-ல் அங்கேயே பாலிடெக்னிக்கில் பேராசிரியர். அதன் பிறகு பழைய தோல்வியை மறுபடி கையில் எடுக்கிறார். இவானோவ்ஸ்கியின் கட்டுரை அவருக்குத் தெரியாது.

அவரும் பீங்கானில் வடிக்கிறார். வடித்த சாறு தொற்றுகிறது. அதில் காற்றோடு வளரும் பாக்டீரியா, காற்றில்லாமல் வளரும் பாக்டீரியா இரண்டையும் தேடிப் பார்க்கிறார். எதுவும் இல்லை. இதுவரை இவானோவ்ஸ்கி நின்ற அதே இடம். அடுத்த அடிதான் முக்கியம். வடித்த சாற்றில் ஒரு துளி, ஒரு செடிக்கு. அது நோயுற்றதும் அதன் சாறு அடுத்த செடிக்கு. அதிலிருந்து அடுத்ததற்கு.

நச்சு என்றால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு செடியிலும் அது நூறில் ஒரு பங்காக நீர்த்துப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது செடியில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் மிஞ்சும். நோய் தேய்ந்து நின்றுபோக வேண்டும். ஆனால் நிற்கவில்லை. கடைசிச் செடியும் முதல் செடி மாதிரியே நோயுறுகிறது. அப்படியானால் அந்தப் பொருள் செடிக்குள் பெருகுகிறது. பெருகுவது நச்சாக இருக்க முடியாது.

இன்னொன்றையும் கவனித்தார். வளர்ந்து முடிந்த இலைகளில் அது பெருகவில்லை; செல்கள் பிரிந்துகொண்டிருக்கும் இளம் பாகங்களில் மட்டுமே பெருகியது. வெளியே, சாற்றில், அது பெருகவே இல்லை. உயிருள்ள செல்லோடு சேர்ந்தால்தான் அதற்குப் பெருக்கம். என் பார்வையில் 1898 கட்டுரையின் உச்சம் இந்த இடம்தான்.

அதற்கு அடுத்து அவர் ஒரு தப்பு செய்தார். கெட்டியான அகார் மேல் நோய்ச்சாற்றை வைத்துச் சில நாட்கள் விட்டார். பிறகு மேல் அடுக்கை நீக்கிவிட்டு உள் அடுக்கைச் சோதித்தால் அதுவும் தொற்றுகிறது. துகளாக இருந்தால் அகாருக்குள் ஊடுருவாது, ஊடுருவியதால் இது கரைந்த பொருள், திரவம் என்று முடிவு கட்டினார். அதனால்தான் "உயிருள்ள திரவத் தொற்று" என்று பெயர் வைத்தார். லத்தீனில் 'கான்டேஜியம் விவம் ஃப்ளூயிடம்'.

சண்டை, அதில் யார் பக்கம் நியாயம்

1899-ல் இவானோவ்ஸ்கி தன் முன்னுரிமையைக் கோரி எழுதினார். பெய்ஜெரிங்க் உடனே ஒப்புக்கொண்டார்: அந்தக் கட்டுரையை நான் அறிந்திருக்கவில்லை, வடிகட்டிச் சோதனையில் அவர்தான் முதல் என்று. இந்த ஒப்புதல் பாடப்புத்தகங்களில் வருவதில்லை. வந்தால் பிள்ளைகளுக்கு நல்லது.

ஆனால் இவானோவ்ஸ்கியின் வாதம் முன்னுரிமையோடு நிற்கவில்லை. அகார் சோதனையைச் செல்லாது என்றார். சீன மையின் நுண்துகள்களும் அகாருக்குள் ஊடுருவுவதைக் காட்டினார். துகள் ஊடுருவும் என்றால், ஊடுருவுவதை வைத்துத் திரவம் என்று சொல்ல முடியாது. அழகான மறுப்பு. இந்த விஷயத்தில் அவர்தான் சரி, வைரஸ் துகள்தான்.

அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார்: பாக்டீரியாவை வளர்த்துச் செடியில் செலுத்தி நோயை வரவழைத்துவிட்டேன், இவ்வளவு துணிச்சலான கருதுகோள் எதற்கு என்று. அங்கே தப்பு. 1903 வரைக்கும் அந்த நம்பிக்கையை அவர் விடவில்லை.

ஆக நிலவரம் இது. ஒருவர் "துகள்" என்பதில் சரி, "பாக்டீரியா" என்பதில் தப்பு. மற்றவர் "பாக்டீரியா இல்லை, செல்லுக்குள் பெருகுவது" என்பதில் சரி, "திரவம்" என்பதில் தப்பு. இதில் யாருக்கு ஒரு மார்க்?

கோமாரியை ஏன் மறந்தோம்

இந்த இருவர் பஞ்சாயத்தில் காணாமல் போவது மூன்றாவது தரப்பு. அதே 1898-ல் ஜெர்மனியில் ஃப்ரீட்ரிஷ் லோஃப்லரும் பால் ஃப்ராஷும் மாட்டுக்கு வரும் கோமாரி நோயை ஆராய்ந்தார்கள். மாட்டின் கொப்புள நீரை வடிகட்டிக் கன்றுகளுக்குச் செலுத்தினார்கள். கிருமி நீங்கிய வடிநீர் தடுப்பு மருந்தாகப் பயன்படுமா என்று பார்ப்பதும் அதில் ஒரு நோக்கம். வடிநீர் பெற்ற கன்றுகளுக்கும் கோமாரி வந்துவிட்டது. அவர்களும் கன்றிலிருந்து கன்றுக்கு மாற்றிப் பார்த்தார்கள். நச்சாக இருந்தால் டெட்டனஸ் நச்சைவிட எத்தனை மடங்கு வீரியம் வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. எனவே இது பெருகும் துகள், வடிகட்டியைக் கடக்கும் அளவுக்குச் சிறியது என்றார்கள். இன்னும் நுண்ணிய வடிகட்டியில் அது தங்கிவிடுவதையும் காட்டினார்கள். பெரியம்மை போன்ற காரணம் தெரியாத நோய்களும் இந்த வகையாக இருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

துகள், பெருகுவது, மிகச் சிறியது. மூன்றும் சரி. விலங்கு வைரஸில் இதுதான் முதல். இருந்தும் ஒரு மார்க் கேள்வியில் இவர்கள் பெயர் வருவதில்லை. ஏன்? பதில் ஒரு பெயராக இருக்க வேண்டும் என்று கேள்வியே எதிர்பார்க்கிறது. தவிர, இவர்கள் நினைத்தது மிகச் சிறிய சாதாரண நுண்ணுயிர் என்றுதான். செல்லுக்கு வெளியே அது ஒன்றுமே செய்யாது என்ற விசித்திரத்தைத் தொட்டவர் பெய்ஜெரிங்க் மட்டும்தான்.

பிற்பாடு வந்தவர்களும் இதே மாதிரிதான். 1901-ல் வால்டர் ரீடும் ஜேம்ஸ் கேரலும் மஞ்சள் காய்ச்சலும் வடிகட்டியைக் கடக்கும் கிருமிதான் என்று காட்டினார்கள். மனித நோயில் அது முதல். 1935-ல் வெண்டெல் ஸ்டான்லி தேமல் வைரஸைப் படிகமாக்கி, சுத்தமான புரதம் என்றார். அடுத்த வருஷமே பாடனும் பிரீயும் அதில் கொஞ்சம் ஆர்.என்.ஏ. இருப்பதைக் காட்டினார்கள். அந்தக் "கொஞ்சம்"தான் வைரஸின் பரம்பரைச் செய்தி முழுக்க என்று பிறகு தெரிந்தது. ஸ்டான்லிக்கு 1946-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1939-ல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தேமல் வைரஸ் முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தபோது அது மெல்லிய குச்சியாக இருந்தது. நீளம் சுமார் 300 நானோமீட்டர், தடிமன் 18.

"பார்த்தவரே கண்டுபிடித்தவர்" என்று விடாப்பிடியாக வாதாடுவோருக்கு ஒரு செய்தி. எடின்பரோவில் ஜான் பியூஸ்ட் என்ற மருத்துவர் அம்மைப் பால் நிணநீரைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்து, நுண்ணிய புள்ளிகளைக் கண்டு, பாக்டீரியாவின் வித்துகள் என்று எழுதினார். அவர் பார்த்தது வைரஸ் துகள்களைத்தான். வருஷம் 1886. மேயர் தேமலுக்குப் பெயர் வைத்த அதே வருஷம், இவானோவ்ஸ்கிக்கு ஆறு வருஷம் முன்பு.

என் தரப்பு

என் வேலையில் இதற்கு ஒரு ஒப்புமை உண்டு. சில வருஷம் முன்பு, ஒரு ப்ராஜெக்டில் இரவு ஓடும் பேட்ச் ஜாபில் கூட்டுத்தொகை சில பைசா இடிப்பதை லாகில் முதலில் பார்த்தது நான்தான். ரவுண்டிங் கோளாறு என்று குறிப்பெழுதி டிக்கெட்டை மூடிவிட்டேன். நியாயமான ஊகம்தான், பத்தில் ஒன்பது முறை அதுவாகத்தான் இருக்கும். இரண்டு வருஷம் கழித்து டீமில் சேர்ந்த ஒரு பெண் அதே வித்தியாசத்தைப் பார்த்தாள். ரவுண்டிங் என்றால் நாளாக நாளாக ஏறியும் இறங்கியும் இருக்க வேண்டும், இது ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்று கேட்டாள். ஒரே பதிவு இரண்டு முறை எண்ணப்படுவது வெளியே வந்தது. அந்த பக்கை யார் கண்டுபிடித்தது? டிக்கெட்டில் முதல் பெயர் என்னுடையது. ஆனால் மீட்டிங்கில் "நான்தான் முதலில் பார்த்தேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் கட்டாயம் ஒரு பெயர் சொல்லு என்றால் நான் இப்போதும் பெய்ஜெரிங்க் என்பேன். அவருடைய விடை முழுக்கச் சரி என்பதற்காக இல்லை. தன் ஊகம் தப்பாக இருந்தால் என்ன நடக்க வேண்டும் என்று யோசித்து, அதைச் செய்து பார்த்தவர் என்பதற்காக. அதே அளவுகோலை வைத்தால், சீன மைச் சோதனைக்காக இவானோவ்ஸ்கிக்கும் சபாஷ் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு மார்க் கேள்வி இந்த அளவுகோலையே அழித்துவிடுகிறது. அதன்படி கண்டுபிடிப்பு என்பது ஒரு ஆள், ஒரு வருஷம். படிக்கிற பிள்ளைக்கு, தப்பான முடிவோடு சரியான சோதனை இருக்க முடியும், சரியான முடிவோடு தப்பான சோதனையும் இருக்க முடியும் என்பது தெரியாமலே போகிறது. விஞ்ஞானிகள் கருத்து மாற்றும்போதெல்லாம் "நேத்து ஒண்ணு சொன்னாங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றாங்க" என்று வாட்ஸ்அப்பில் எரிச்சல்படுகிறோமே, கொரோனா சமயத்தில் பார்த்தோமே, அதன் விதை இந்த மாதிரிக் கேள்விகளில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கேள்வியை மாற்றுவது கஷ்டமில்லை. "நோயுற்ற புகையிலைச் சாறு பீங்கான் வடிகட்டியைக் கடந்த பின்னும் நோய் தருகிறது. காரணம் நச்சா, பெருகும் பொருளா என்று எப்படிக் கண்டறிவாய்?" மூன்று மார்க். பெயரே தெரியாத பிள்ளையும் யோசித்து எழுதலாம்.

இதை மகளிடம் கேட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒரு செடில இருந்து இன்னொரு செடிக்கு மாத்திக்கிட்டே போவேன். நச்சுன்னா தீர்ந்துடும்ல" என்றாள். பிறகு, "சரி, பப்ளிக்ல வந்தா என்ன எழுதட்டும்?" என்றாள்.

இவானோவ்ஸ்கின்னு எழுதும்மா என்றேன். விடைக்குறிப்பில் அதுதான் இருக்கிறது.